ஃப்ளூட் மாத்தணுமா, சர்வீஸ் பண்ணா போதுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு. நாலு வருஷமா வெஸ்டர்ன் ஃப்ளூட் கத்துக்கிறா, கிரேடு 5 பரீட்சை முடிச்சுட்டா. ஆரம்பத்துல இருந்து யமஹா 222 மாடல்தான். இப்போ கொஞ்ச மாசமா சவுண்டு பத்தல, கீழ் நோட்டெல்லாம் சரியா வரமாட்டேங்குதுன்னு அழறா. கடையில கேட்டா முழு வெள்ளி, ஓப்பன் ஹோல், பி ஃபுட் எல்லாம் இருக்கிறதா வாங்கிடுங்க, ஆயுசுக்கும் போதும்ங்கறாங்க. ரெண்டு லட்சம் சேர்த்து வெச்சிருக்கோம், அதுக்கு மேல ஒரு ரூபா கூட முடியாது. எதைப் பார்த்து வாங்கணும்? - பெரம்பூர் வாசகி

பதில்: அம்மா, ரெண்டு லட்சத்தை அப்படியே பேங்குலயே வைங்க. முதல்ல அந்தப் பழைய ஃப்ளூட்டை ரிப்பேர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொண்டு போங்க. "கீழ் நோட்டு வரமாட்டேங்குது"ன்னு நீங்க எழுதின அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துது, ஏன்னா ஃப்ளூட்ல எங்கயோ காத்து லீக் ஆகுதுன்னா முதல்ல படுக்குறது கீழ் நோட்டுங்கதான். விரலால அழுத்துற மூடிதான் கீ, அதுக்கு அடியில துளையை அடைக்கிற பேடு கம்பளி மாதிரி ஃபெல்ட்ல செஞ்சு மேல மெல்லிசா ஒரு தோல் சுத்தினது, நாலு வருஷம் வாய் ஈரமும் சென்னைக் காத்தும் பட்டா அந்தத் தோல் கிழியும், ஃபெல்ட் ஊதிக்கும், ஒரு பக்கம் மூடும் இன்னொரு பக்கம் மயிரிழை அளவு திறந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். லோ டி, லோ சி ஷார்ப், லோ சி மூணையும் மெதுவா, விரலை லேசா வெச்சு ஊதச் சொல்லுங்க. விரலை அழுத்திப் பிடிச்சாதான் நோட்டு வருதுன்னா லீக்தான், அவ மேல தப்பில்ல. இன்னொண்ணு, துடைக்கிற குச்சியோட முனைகிட்ட ஒரு கோடு இருக்கும் பாருங்க, அதை ஹெட்ஜாயிண்ட், அதாவது ஊதுற துளை இருக்கிற மேல் துண்டு, உள்ள முட்டுற வரைக்கும் விட்டா அந்தக் கோடு ஊதுற துளையோட நட்டநடுவுல தெரியணும், தெரியலேன்னா உள்ள இருக்கிற கார்க் நகர்ந்துடுச்சு, அப்புறம் மூணு ஆக்டேவும், அதாவது மூணு ஸ்தாயியும், ஒண்ணுக்கொண்ணு சேராது.

இதை இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் காலேஜ் படிக்கும்போது இதே மாதிரி என் முதல் ஃப்ளூட் செத்துப் போச்சுன்னு நினைச்சு, வீட்டுல கடன் வாங்க வெச்சு புதுசு வாங்கினேன், பழசை சர்ச்ல ஒரு ஜூனியர் தம்பிக்குக் கொடுத்துட்டேன். அவன் பேடு மொத்தத்தையும் மாத்திட்டு அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில அதை வாசிச்சான் பாருங்க, அந்த லோ சி கோயில் கடைசி பெஞ்சு வரைக்கும் போச்சு. அன்னிக்கு எங்கப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனசு வரல. அதனால சர்வீஸ் பண்ணி ஒரு மாசம் வாசிக்கட்டும், அதுக்கப்புறம் பேசலாம்.

ஒரு மாசம் கழிச்சும் அவ அதையே சொன்னா அப்போ அவ நிஜமாவே அந்த ஃப்ளூட்டைத் தாண்டிட்டான்னு அர்த்தம். எப்படித் தெரியும்னா, மெதுவா ஊதும்போது சுருதி இறங்கும், சத்தமா ஊதினா நோட்டு உடையும், நடுவுல ஒரே ஒரு அளவுலதான் நல்லா வரும். ஸ்டூடண்ட் ஃப்ளூட்டை அப்படித்தான் செஞ்சிருக்காங்க, பத்து வயசுப் பிள்ளை எப்படி ஊதினாலும் சத்தம் வரணும்னு. அதுல குறையே கிடையாது, 222 ரொம்ப நல்ல ஃப்ளூட், நாலு வருஷம் உங்க பொண்ணைத் தூக்கிட்டு வந்திருக்கு. ஆனா ஈஸியா பேசுற ஃப்ளூட்டுக்கு ஒரு எல்லை உண்டு, சவுண்டோட நிறத்தை மாத்தணும்னு பிள்ளை ஆசைப்படுற வயசுல அந்த எல்லை முட்டும்.

இப்போ எதைப் பார்த்து வாங்கணும்ன்ற கேள்விக்கு வரேன். ஹெட்ஜாயிண்ட். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். உதட்டுல இருந்து கிளம்புற காத்து எதிர்ப்பக்க விளிம்புல போய் மோதி, துளைக்கு உள்ளயும் வெளியயும் மாறி மாறி ஆடுது, சவுண்டு பிறக்கிறதே அங்கதான். அந்த விளிம்பை எந்தக் கோணத்துல வெட்டியிருக்காங்க, உதடு வைக்கிற லிப் பிளேட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற ரைசர் எவ்ளோ உயரம், துளையோட ஓரத்தை உள்பக்கமா எவ்ளோ சீவியிருக்காங்க, இதெல்லாம் மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு மாறினாலே ஊதுற ஆளுக்குத் தெரியும். இன்னைக்கு நாம வாசிக்கிற ஃப்ளூட்டை மியூனிக்ல தியோபால்ட் போம்னு ஒரு ஃப்ளூட் மேக்கர் 1847ல கொண்டு வந்தார், உடம்புக் குழாயை நேர் உருளையா வெச்சுட்டு ஹெட்ஜாயிண்ட்டை மட்டும் மேல போகப் போகக் குறுகுற மாதிரி செஞ்சார், உடம்பு சுமார் 19 மில்லிமீட்டர், கார்க் பக்கம் சுமார் 17. அந்தச் சின்னக் குறுக்கம் இல்லேன்னா மேல் ஆக்டேவ் சுருதியே சேராது. கடையில யாராவது உங்ககிட்ட கீயையும் பளபளப்பையும் காட்டினா, ஹெட்ஜாயிண்ட் கட் என்னன்னு கேளுங்க.

அப்போ வெள்ளி? நம்ம ஊர்ல வெள்ளின்னா ஒரு மரியாதை, அதை வெச்சுதான் விலையும் சொல்றாங்க. உங்க பொண்ணோட ஃப்ளூட் நிக்கல் சில்வர், அதாவது கல்யாணத்துல தாம்பூலத்தோட கொடுக்கிற குங்குமச்சிமிழ் இருக்கே அதே ஜெர்மன் சில்வர்தான், பேருலதான் சில்வர், உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மேல வெள்ளி முலாம் பூசியிருப்பாங்க. ஸ்டெர்லிங் சில்வர்னா 92.5 சதவீதம் வெள்ளி. ஆனா குழாய் வெள்ளியா இருந்தா சவுண்டு மாறிடுமான்னா, 1971ல ஜான் கோல்ட்மன்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர் மெல்லிசு வெள்ளி, தடிச்ச செம்பு, மரம்னு மூணு குழாய் எடுத்து, ஊதுற பகுதியை மட்டும் மூணுக்கும் ஒரே மாதிரி செஞ்சு வாசிக்க வெச்சார், கேட்டவங்களாலயும் கண்டுபிடிக்க முடியல, கையில எதுன்னு தெரியாம வாசிச்சவங்களாலயும் முடியல. பின்னாடி வியன்னாவுல ஒரே மாடல் ஃப்ளூட்டை வெள்ளி, தங்கம், பிளாட்டினம்னு வெச்சுப் பார்த்தாங்க, அங்கயும் அதே கதைதான். அப்படின்னா வெள்ளி ஹெட்ஜாயிண்ட் ஏன் நல்லா இருக்குன்னா, வெள்ளியில செய்யிற ஹெட்ஜாயிண்ட்டைத்தான் கம்பெனிக்காரங்க கவனமா, நல்ல ஆளை வெச்சு வெட்டுறாங்க. நீங்க காசு கொடுக்கிறது அந்தக் கைவேலைக்கு.

உங்க பட்ஜெட்டுக்கு நான் சொல்ற வகை இது: ஹெட்ஜாயிண்ட் மட்டும் ஸ்டெர்லிங், உடம்பு முலாம் பூசின நிக்கல் சில்வர். யமஹாவுல 300 சீரீஸ் அப்படி, பேர்ல் கம்பெனியில 665, ஆல்டஸ்காரங்களோட அசூமி பிராண்டுல ஏஇசட் 2. 300க்கு மேல 400 சீரீஸ்ல உடம்பும் வெள்ளி வரும், அதுக்காகத் தவிக்க வேண்டாம். இன்னொரு வழியும் இருக்கு, யாரும் சொல்லமாட்டாங்க: உடம்பு நல்ல கண்டிஷன்ல இருந்தா ஹெட்ஜாயிண்ட்டை மட்டும் தனியா வாங்கலாம், டெக்னீஷியன் சேருற இடத்தை அளவு பார்த்துப் பொருத்திக் கொடுப்பார், செலவு பாதிக்குக் கீழ கூட முடிஞ்சிடலாம். கலர் கலரா, பிராண்டு பேரே கேள்விப்படாததா, "ப்ரொஃபஷனல்"னு எழுதி ஆன்லைன்ல வரதைத் தொடாதீங்க. கீ மெட்டல் மெத்துன்னு இருக்கும், ஒருதடவை வளைஞ்சா எந்த ரிப்பேர்காரராலயும் நிலையா நிறுத்த முடியாது.

பி ஃபுட்னா கீழ ஒரே ஒரு நோட்டு கூடுதல், அதுக்காக நீளமும் வெயிட்டும் கூடும், கிரேடு பாட்டுகள்ல அந்த நோட்டு வரது அபூர்வம். 14 வயசுத் தோளுக்கு சி ஃபுட் போதும்னு நினைக்கிறேன். ஸ்பிளிட் ஈ இருந்தா வாங்குங்க. மேல் ஆக்டேவ் ஈ நோட்டுக்கு ஒரு துளை திறந்தா போதும், சாதாரண மெக்கானிசத்துல ரெண்டு திறந்துக்கும், அதனாலதான் அது வழுக்கி வழுக்கி விழும், ஸ்பிளிட் ஈ அந்த ரெண்டாவதை மூடிடும். ஓப்பன் ஹோல் பத்தி கீழ இன்னொருத்தர் கேட்டிருக்காரு, அங்க சொல்றேன்.

இப்போ முக்கியமானது, ட்ரை பண்றது எப்படி. போட்டோ பார்த்தோ, டீச்சர் வெச்சிருக்கிறதையே பார்த்தோ வாங்காதீங்க. ஒவ்வொருத்தர் உதடும் வேற, மேலுதட்டு நடுவுல லேசா கூர்மையா இறங்கி இருக்கிற பிள்ளைங்க துளையோட ஒரு ஓரமாத்தான் ஊதுவாங்க, டீச்சருக்குத் தேன் மாதிரி வர்ற ஹெட்ஜாயிண்ட் அவளுக்குத் தகரம் மாதிரி கேட்கலாம். பழைய ஃப்ளூட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அதை அஞ்சு நிமிஷம் வாசிச்சுட்டுப் புதுசை எடுக்கட்டும். விலையை அவளுக்குச் சொல்லாதீங்க. முதல்ல பாட்டு வேண்டாம், பி, ஏ, ஜி மூணு நோட்டு நீளமா, அப்புறம் லோ சி மெதுவா, அதே லோ சி பலமா, அப்புறம் மூணு ஆக்டேவ்லயும் ஜி, கடைசியா மேல் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். நடு சி ஷார்ப் எல்லா ஃப்ளூட்லயும் கொஞ்சம் ஏறித்தான் நிக்கும், எவ்ளோ ஏறுது, உதட்டால இறக்க முடியுதான்னு பாருங்க. சுருதி காட்டுற டியூனரை ஆரம்பத்துலயே வைக்காதீங்க, ஏசி ரூம்ல எடுத்த உடனே ஃப்ளூட் குளிர்ந்து சுருதி இறங்கி இருக்கும், ஒரு டிகிரி மாறினாலே சுமார் மூணு சென்ட் (பக்கத்துப் பக்கத்து ரெண்டு நோட்டுக்கு நடுவுல நூறு சென்ட்) மாறும், கடை 24 டிகிரி உங்க வீடு 32 டிகிரின்னா யோசிச்சுப் பாருங்க. நல்லா ஊதி சூடேத்தின பிறகு டியூனர். அவ வாசிக்கும்போது நீங்க முதுகைத் திருப்பிட்டு ரூமோட கடைசியில நில்லுங்க, உங்களுக்கு மியூசிக் தெரியாட்டி பரவாயில்ல, எது உங்ககிட்ட வந்து சேருதுன்னு காதுக்குத் தெரியும்.

முதல் பத்து நிமிஷம் எப்பவுமே பளிச்சுன்னு கத்துற ஃப்ளூட்தான் ஜெயிக்கும். அதை நம்பாதீங்க. நல்ல ஹெட்ஜாயிண்ட் முதல் நாள் அடங்காது, கொஞ்சம் தள்ளும், "எனக்கு வரலம்மா"ன்னு சொல்லுவா, ரெண்டாவது நாள்தான் கை கொடுக்கும். அதனால ரெண்டு நாளாவது வீட்டுக்குக் கொடுக்கிற கடையா, இல்லேன்னா திரும்பத் திரும்பப் போய் ஊத விடுற கடையா பாருங்க.

கேள்வி: நான் காலேஜ் பையன், ஸ்டூடண்ட் ஃப்ளூட்ல இருந்து ஓப்பன் ஹோல் மாறலாம்னு இருக்கேன். சினிமாப் பாட்டுல வர்ற கமகம், ஸ்லைடு எல்லாம் அதுலதான் வரும்ங்கறாங்க, நிஜமா? - கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தம்பி, பாதி நிஜம். ஓப்பன் ஹோல்ல அஞ்சு கீயோட நடுவுல துளை இருக்கும், விரல் நுனியால அதை மூடணும், விரலை ஓரமா நகர்த்தி மெல்லத் திறந்தா நோட்டு வழுக்கிக்கிட்டு மேல போகும், நம்ம ஸ்லைடுக்கு அது நிஜமாவே உதவும், மூடின கீயில அது முடியாது. ஆனா கமகத்துல பாதி வேலை உதடும் தாடையும் காத்தும் செய்யுது. அது உனக்கு இப்போ இருக்கிற ஃப்ளூட்லயே வரலேன்னா ஓப்பன் ஹோல் வாங்கினாலும் வராது. சவுண்டு பெருசாகும்னு யாராவது சொன்னா அதையும் அப்படியே எடுத்துக்காதே, அதுக்குக் காரணம் ஹெட்ஜாயிண்ட்தான், மேல பெரம்பூர் அம்மாவுக்கு எழுதினதைப் படி.

வாங்கறதுன்னு முடிவு பண்ணா ஆஃப்செட் ஜி, அதாவது ஜி கீ மட்டும் விரலுக்கு எட்டுற மாதிரி கொஞ்சம் தள்ளி இருக்கிறதா வாங்கு. இன்லைன்ல எல்லா கீயும் ஒரே கோட்டுல இருக்கும், பார்க்க அழகு, ஆனா இடது கை மோதிர விரல் அந்தத் துளையை முழுசா மூடறதுக்கு மணிக்கட்டைத் திருகணும், தினமும் மூணு மணி நேரம் திருகினா ஆறு மாசத்துல வலி வரும், வலி வந்தப்புறம் விடறது கஷ்டம். என் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் இதுல மாட்டி மாசக்கணக்கா ஃப்ளூட்டைத் தொடாம இருந்தாங்க, எனக்கு அது இன்னும் ஆறல. ஃப்ளூட்டோட அந்தத் துளைகளை அடைக்கிற அஞ்சு சின்ன ப்ளக் வரும், முதல்ல அஞ்சையும் போட்டுட்டு வாசி, ஆள்காட்டி விரல்ல ஆரம்பிச்சு ஒரு வாரத்துக்கு ஒண்ணா எடு, மோதிர விரல் ரெண்டும் கடைசி. ஒரு ப்ளக்கை எடுக்கவே முடியலேன்னா அது அங்கயே இருக்கட்டும், அப்படியே வாசிக்கிற பெரிய பிளேயர்ஸ் இருக்காங்க.

கேள்வி: பையன் புல்லாங்குழல் கத்துக்கிறான், 6 கட்டை சின்னக் குழல். அடுத்தது நேரா ரெண்டரை கட்டை பெரிய குழல் வாங்கிடலாமா? - கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம் சார். கட்டைங்கறது சுருதி அளவு, எண் குறையக் குறைய சுருதி இறங்கும், குழல் நீளும். புல்லாங்குழல் மேதை மாலியோட (டி.ஆர். மகாலிங்கம்) சிஷ்யர் என். ரமணி அந்த நீளக் குழலை மேடையில நிறுத்தினதுல இருந்து எல்லாருக்கும் அந்தக் கம்பீர நாதம்தான் வேணும், ஆசை நியாயமானதுதான். ஆனா 6ல இருந்து ரெண்டரைக்குப் போனா துளைக்குத் துளை தூரம் ரொம்பக் கூடிடும், பையன் விரலை விரிச்சு இழுத்து மூடுவான், மூடாம காத்து கசியும், அவனுக்குக் குழல் மேலயே வெறுப்பு வந்துடும். 5 கட்டை வாங்குங்க, அதுல கை நின்னதும் 4, அப்புறம் குரு சொல்றபடி. வாங்கும்போது கீழ் ஷட்ஜமத்தையும் மேல் ஷட்ஜமத்தையும் தம்புராவோட வெச்சு வாசிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா சேரணும், பஞ்சமமும் சேரணும். மூங்கில் நல்லா காய்ஞ்சதா, மயிரிழை விரிசல் கூட இல்லாததா இருக்கணும், வெளிச்சத்துல பிடிச்சு உள்ள பாருங்க. மெட்டல் ஃப்ளூட் மாதிரி இதுக்கு மாடல் நம்பர் கிடையாது, ஒரே ஆள் ஒரே நாள்ல செஞ்ச ரெண்டு குழல் கூட வேற வேற, அதனால குரு கூட வராம வாங்கவே வாங்காதீங்க.

கேள்வி: சர்ச் கொயர்ல பத்து வருஷமா ஸ்டூடண்ட் ஃப்ளூட்லயே வாசிக்கிறேன். அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரர் 1960கள்ல செஞ்ச ஒரு பாஸ்டன் ஹேண்ட்மேட் சில்வர் ஃப்ளூட் நல்ல விலைக்கு வருதுங்கறார். எடுக்கலாமா? - பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பாஸ்டன்னு நீங்க சொல்றதைப் பார்த்தா ஹேன்ஸ் கம்பெனியோ பவல் கம்பெனியோ செஞ்சதா இருக்கலாம். 1888ல ஆரம்பிச்சது ஹேன்ஸ், 1927ல பவல், ரெண்டும் ஃப்ளூட்காரங்க கையெடுத்துக் கும்பிடுற பேரு, உங்க மனசு துடிக்கிறது எனக்குப் புரியுது. ஆனா அந்த வருஷம்தான் என்னைத் தயங்க வைக்குது. அந்தக் காலத்துப் பல ஃப்ளூட்டோட துளைகளை இன்னைக்கு நாம வாசிக்கிறதை விடக் கீழ் சுருதிக்கு ஏத்த மாதிரி தள்ளித் தள்ளி வெச்சிருப்பாங்க. லண்டன்ல ஆல்பர்ட் கூப்பர்னு ஒரு மேக்கர் அந்த இடைவெளிக் கணக்கையே திருத்தினார், பவல் அதை 1974ல எடுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் மத்தவங்களும் அந்த வழியில வந்தாங்க. பழைய ஸ்கேல் ஃப்ளூட்டை உங்க சர்ச் கீபோர்டோட சுருதிக்கு, அதாவது இன்னைக்குப் பொதுவா ஏ நோட்டுக்கு வைக்கிற 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்க ஹெட்ஜாயிண்ட்டை முழுசா உள்ள தள்ளணும், தள்ளினா மேல சி ஷார்ப் கத்தும், கீழ் நோட்டுங்க இறங்கிக் கிடக்கும், ஒவ்வொரு பாட்டும் உதட்டால சண்டை போட்டுத்தான் வாசிக்கணும். தனியா வாசிச்சா அந்த சவுண்டுக்கு ஈடே கிடையாது, ஆனா கொயர்ல உங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை தோறும் வேதனை.

அவசரப்படாம சொந்தக்காரர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. சீரியல் நம்பர் என்ன, அதை வெச்சு எந்த வருஷம்னு தெரிஞ்சிடும். கடைசியா பேடு எப்போ மாத்தினாங்க, எந்த வகை பேடு? ஸ்ட்ராபிங்கர்னு ஒரு வகை இருக்கு, அருமையான பேடு, ஆனா மட்டமா உட்காருறதுக்குத் தனிப் பயிற்சி வேணும், நம்ம பக்கத்துல அதைத் தொடத் தெரிஞ்சவங்க கம்மி, கெட்டுப்போனா சென்னைக்கும் அப்பாலயும் அனுப்பிக் காத்திருக்கணும். மூணாவது, அங்க ஒரு ஃப்ளூட் பிளேயரை வெச்சு டியூனரோட லோ சில இருந்து மேல வரைக்கும் வாசிச்சு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, ஹெட்ஜாயிண்ட் எவ்ளோ வெளிய இருக்குன்னு வீடியோவுல தெரியணும். ஒரு அஞ்சாறு மில்லிமீட்டர் வெளிய இழுத்த நிலையில 440 வந்து, மூணு ஆக்டேவும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எடுங்க சார், யோசிக்கவே வேண்டாம். முழுசா உள்ள தள்ளியும் 440 எட்டலேன்னா விட்டுடுங்க. அதே காசுக்கு 1980க்கு அப்புறம் செஞ்ச செகண்ட் ஹேண்ட் முராமட்சு, மியாசாவா, சாங்கியோ மாதிரி ஜப்பான் ஃப்ளூட் ஒண்ணு தேடச் சொல்லுங்க. வந்ததும் வாசிச்சு முடிச்ச உடனே உள்ளத் துடைச்சுட்டு, துணியைப் பெட்டிக்கு வெளிய வைங்க, ஈரத்துணியை உள்ள வெச்சு மூடினா பேடு சீக்கிரம் போயிடும். வெள்ளி கறுக்குதுன்னு பூஜை சாமான் தேய்க்கிற பாலிஷ் போட்டுடாதீங்க, அது கீ இடுக்குல போய் உட்கார்ந்து மெக்கானிசத்தையே பிடிச்சுடும், உலர்ந்த காட்டன் துணியே போதும்.